நம்ம ஆளு பேரை யாரு போடுவா

“பார்த்தியா பிள்ளே, இன்னைக்கும் காலையிலே லாரி போச்சு. செம்மண்ணு. அந்தக் குளத்துக்குத்தான் போவுது, வேற எங்க போவும்? நேத்து நீ கருங்கல் சந்தைக்குப் போயிட்ட, அதான் பாக்கல்ல. நான் இந்த நடையில இருந்து மரச்சீனிக் கிழங்கு நறுக்கிட்டிருந்தேன். லாரிக்காரன் எனக்க முகத்தப் பாத்து ஹாரன் அடிச்சுட்டுப் போறான், நான் என்னமோ அவனுக்க மாமியாரு மாதிரி!”

சிரிக்காதே. சரி, நீ பேனாவை எடுத்துவிட்டாய். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்காரி நீ சர்க்கார் ஆபீசில் எழுதியே காலம் கழித்தவள். நான் வாயில் வந்தபடி சொல்கிறேன், நீ அதை அச்சுத் தமிழாக மாற்றிப் போடுகிறாய். போட்டுக்கொள். ஆனால் மற்றவர்கள் பேசினதை அவர்கள் பேசினபடியே போடு. என் மருமகள் பேச்சைத் திருத்த உனக்கு உரிமை இல்லை. எனக்கே இல்லை.

லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் மருமகளுடைய புக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள்தான் அதை நடத்துகிறாள், ஆய்விதழ் என்பாள். எனக்கு அது புக்குதான். அவள் நாகர்கோவிலில் காலேஜில் பாடம் எடுக்கிறாள், சரித்திரப் பாடம். இரணியலில் இருந்து கல்யாணமாகி வந்தபோது ஒரு பெட்டியில் சேலை, மற்றப் பெட்டி முழுக்கப் புத்தகம். பெட்டியைத் தூக்கின என் கொழுந்தன், “மைனி, பொண்ணு வீட்டுக்காரங்க கல்லு வச்சு அனுப்பிட்டாங்க போலுக்கு” என்றான். கல்யாணப் பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. சிரிக்கத் தெரிந்த பிள்ளையோடு எந்த அடுக்களையிலும் காலம் தள்ளலாம்.

அந்தப் புக்கில் நம்முடைய வட்டாரத்தைத் தவிர வேறொன்றும் வராது. எந்தக் கால்வாய்த் தண்ணீர் எந்த ஏலாவுக்குப் போனது, ஏலாவென்றால் நெல் வயல்தான், நீ எழுதும்போது வாசிக்கிறவர்களுக்குப் புரியும்படி போடு. எந்தக் கரையில் என்ன வள்ளம், எந்த விளையில் எத்தனை வகைப் பனை, இதெல்லாம் வரும். ஒரு தடவை அண்டியாபீசில், முந்திரிக்கொட்டை ஆலையில்தான், அண்டி உடைக்கிற பெண்களைப் பற்றி வந்தது. அதற்கு என் கையைத்தான் படம் பிடித்துப் போட்டார்கள்! அண்டிப்பால் பட்டுக் கறுத்துப்போன இந்தக் கை. அச்சில் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? நான் அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒருத்தி, “முகத்தப் போடாம கைய மட்டும் போட்டிருக்காங்களே அக்கா” என்றாள். “முகம் எல்லாருக்கும் இருக்குட்டி” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புக்கு அச்சாகி வந்தால் இந்த வீட்டில் திருவிழாதான். நான் மைதாவைக் காய்ச்சிப் பசை கிண்டுவேன். கறி கிண்டுவதைவிட அதில் எனக்குக் கவனம் அதிகம், கட்டி விழக் கூடாது. மருமகள் விலாசம் ஒட்டுவாள். நான் தபால் தலை ஒட்டுவேன். வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன, எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று படத்தைப் பார்த்தால் தெரியாதா?

அந்தக் காலத்தில்தான் முதல் குளத்தின் கதை நடந்தது. அம்மன் கோவிலுக்குக் கீழே இருக்கிறதே, தாமரை கிடக்கிற குளம், அதை நிரப்பிக் கட்டிடம் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. வாய்ப்பேச்சு அல்ல, அளந்து கம்பி நாட்டிவிட்டார்கள். அதற்கு முந்தித்தான் என் மருமகள் அந்தக் குளத்தைப் பற்றிப் புக்கில் எழுதியிருந்தாள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே மறுகால் பாய்கிறது, எந்த வயலுக்கு அது குடிதண்ணீர் மாதிரி என்று எல்லாம். குளத்தைக் காக்க நின்ற சங்கத்துக்காரர்கள் அந்தப் பக்கங்களைப் போட்டோகாப்பி எடுத்துக் கிராமசபையில் சத்தமாக வாசித்தார்கள். மனுவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். வந்த ஆபீசர் புக்கைப் புரட்டிப் பார்த்து, “இது அச்சில் வந்ததா?” என்று கேட்டாராம். பிறகு கம்பியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். குளம் நின்றது. இன்றைக்கும் நிற்கிறது, போய்ப் பார்.

சங்கத்துக்காரர்கள் ஒரு பெரிய வரிக்கைச் சக்கையை, பலாப்பழத்தைத்தான் சொல்கிறேன், சுமந்து கொண்டுவந்து முற்றத்தில் போட்டார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது. சங்கத்துத் தலைவர், “டீச்சர் நம்ம பிள்ளையில்லா, அவளுக்கு என்னத்துக்கு நன்றி சொல்லணும்?” என்றார். எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. நன்றி அந்நியருக்குச் சொல்வது. வீட்டு ஆளுக்கு யார் சொல்வார்? நீ என் முருங்கையில் கீரை ஒடிப்பதற்கு என்றைக்காவது என்னிடம் கேட்டாயா? கேட்டால் எனக்குக் கோபம் வராதா?

இதுதான் பிள்ளே, பின்னால் வினையாக வந்தது.

ஒரு நாள் மருமகள் காலேஜ் விட்டு வந்தவள் சேலை மாற்றவில்லை, சாயா குடிக்கவில்லை, நாற்காலியில் அப்படியே இருந்தாள். நான் பயந்துபோனேன். மஸ்கட்டில் இருக்கிற என் மகனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நினைத்தேன்.

“அவருக்கு ஒண்ணும் இல்ல மாமி. புக்குக்குத்தான்.”

“புக்குக்கு என்னட்டி? கரையான் பிடிச்சிட்டா?”

“கரையான்னா மண்ணெண்ணெ விடலாமே. மேல ஒரு பட்டியல் வச்சிருக்காங்க. இன்ன இன்ன புக்குல எழுதினாத்தான் வாத்தியாருக்குக் கணக்கு, உத்தியோக உயர்வுக்கு அதத்தான் பாப்பாங்க. அந்தப் பட்டியல்லருந்து நம்ம புக்க எடுக்கப் போறாங்களாம். எடுத்தா ஒருத்தரும் கட்டுரை அனுப்ப மாட்டாங்க. புக்கு நின்னு போகும்.”

“எதுக்கு எடுக்காங்க?”

“நம்ம புக்க யாரும் எடுத்துச் சொல்லல்லியாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரே வாசித்த புக்கை யாரும் எடுத்துச் சொல்லவில்லையா? அவள் விளக்கிச் சொன்னாள். ஒருத்தர் கட்டுரை எழுதினால், எங்கிருந்து எடுத்தேன் என்று அந்தப் புக்கின் பேரைக் கடைசிப் பக்கத்தில் போட வேண்டுமாம். அப்படி எத்தனை பேர் போட்டார்கள் என்பதைத்தான் எண்ணுவார்களாம்.

“குளத்தக் காப்பாத்திச்சே மக்கா, அது எண்ணத்துல வராதா?”

“வராது மாமி.”

“கிராமசபையில வாசிச்சாங்களே?”

“அதுவும் வராது.”

“சக்கை கொண்டு வந்தாங்களே!”

அதற்கு அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நான் போய்ச் சாயா போட்டுக் கொண்டுவந்தேன். வேறென்ன செய்ய?

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் படித்த மாணவன் ஒருவன் வந்தான். அவனும் இப்போது ஒரு காலேஜில் வாத்தியார். நல்ல பையன், வந்தால் அடுக்களை வரை வந்து, “பாட்டி, மீன்கொழம்பு இருக்கா?” என்று கேட்கிற உரிமை உள்ளவன். அவன் தெற்குத் திருவிதாங்கூர்க் குளங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதி அச்சாக்கிக் கொண்டுவந்தான். முதல் பிரதி டீச்சருக்கு என்று தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து நீட்டினான். மருமகள் முகம் மலர்ந்துவிட்டது. நடுவில் புரட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். நம்ம தாமரைக் குளத்தின் படம், அவளுடைய புக்கில் வந்த அதே படம்! “ஏட்டி, நம்ம குளம்!” என்று நான் கையைத் தட்டினேன்.

அவள் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தாள். அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். விரல் நிற்கவே இல்லை.

“என் கட்டுரைக்க பேரு எங்கடே?”

அவன் கூச்சப்பட்டான். “டீச்சர், லண்டன்காரர் ஒருத்தரு புக்கு, டெல்லிப் புக்கு, எல்லாம் போட்டிருக்கேன். உங்க பேரப் போட்டா எனக்கு என்னமோ மாதிரி இருந்து. நம்ம வீட்டுல உப்பு எடுத்துட்டு யாராவது கடைக்காரன்கிட்டச் சொல்லுக மாதிரி எழுதுவாங்களா? நீங்க நம்ம ஆளுல்லா?”

நான் அவனை என்ன திட்ட? நானும் அப்படித்தானே நினைத்திருப்பேன். அவன் மரியாதைக்குத்தான் செய்தான். அவன் மட்டும் அல்ல. மருமகள் பிறகு அலமாரியில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவளுடைய பழைய வாத்தியார் எழுதினது, கூடப் படித்தவள் எழுதினது, திருவிழா மலரில் வந்தது. உள்ளே பூராவும் அவளுடைய புக்கில் இருந்து எடுத்தது. கடைசிப் பக்கத்தில் வெளியூர்க்காரன் பேரும் வெளிநாட்டுக்காரன் பேரும். நம்ம ஆளு பேரை யாரு போடுவா?

அன்றைக்கு அவனுக்கு மீன்குழம்பு ஊற்றினதும் நான்தான். ஒரு துண்டு அதிகமாகவே வைத்தேன். அவன் முகம் வாடியிருந்தது, பாவமாக இருந்தது.

அடுத்து ஒரு கூட்டம் நம் வீட்டில் நடந்தது. அவளோடு புக்கைப் பார்த்துக்கொள்கிற சார் ஒருவர் உண்டு, சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவர் ஒரு யோசனை சொன்னார். இனி யார் கட்டுரை அனுப்பினாலும் நம்முடைய பழைய புக்குகளைக் கடைசிப் பக்கத்தில் சேர்த்தால்தான் போடுவோம் என்று சொல்லிவிடலாம், வேறு இரண்டு காலேஜ் புக்குக்காரர்களோடும் பேசி நாம் அவர்கள் பேரைப் போடலாம், அவர்கள் நம் பேரைப் போடட்டும் என்றார்.

நான் தட்டில் சுடச்சுடப் பழம்பொரி வைத்துக்கொண்டே, “அப்ப இது கல்யாண வீட்டுல சுருள் வைக்கது மாதிரியாக்கும். நீ எனக்கு வச்சா நான் உனக்கு வைப்பேன்” என்றேன். சுருளென்றால் மொய்ப்பணம்தான்.

சார், “அதேதான் அம்மா, கரெக்டா சொன்னிய!” என்று சந்தோஷப்பட்டார். ஆனால் மருமகளின் முகம் மாறிவிட்டது.

“சார், எனக்க மாமி சொன்ன பொறவு அதச் செய்ய எனக்கு முடியாது. வேண்டாம். அது கள்ளக் கணக்கு.”

“அப்பம் வேற ஒரே வழிதான். புக்குக்க நோக்கத்த விரிக்கணும். நம்ம ஊரு, நம்ம குளம்னு இருந்தா வெளியில எவன் எடுத்துச் சொல்லுவான்? உலகத்துல எல்லா வட்டாரமும்னு போடுவோம். இங்கிலீஷ்ல மட்டும்.”

பழம்பொரி ஆறிப்போனது. கடைசியில் மருமகள் சரி என்றாள். புக்கு செத்துப்போவதைவிட வேறு ஊரில் போய்ப் பிழைக்கட்டும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. மகனை மஸ்கட்டுக்கு அனுப்பும்போது நானும் அப்படித்தானே நினைத்தேன்?

புக்குக்குப் பேர் மாறியது. பிறகு காகிதமும் போனது, எல்லாம் கம்ப்யூட்டரில் என்றார்கள். எனக்குப் பசை கிண்டுகிற வேலை இல்லை. ஆப்பிரிக்காவில் ஒரு ஆற்றைப் பற்றி, எங்கோ பனி பெய்கிற ஊரில் ரோடு போட்டதைப் பற்றி எல்லாம் வர ஆரம்பித்தது. ஒரு நாள் மருமகள் போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பொம்பளை நம் புக்கில் வந்த கட்டுரையை எடுத்துச் சொல்லிவிட்டாள்! அப்புறம் இன்னொருத்தர். அப்புறம் இன்னும். பட்டியலில் புக்கு நிலைத்துவிட்டது. நான் சும்மா இருப்பேனா? சிறுபயறு வறுத்துத் திரித்து முந்திரிக்கொத்து செய்து தெரு முழுக்கக் கொடுத்தேன். நீயும் தின்றாயே, பல்லில் ஒட்டுகிறது என்று குறை சொல்லிக்கொண்டே.

அந்த முந்திரிக்கொத்து டப்பா காலியாகும் முன்னே மேற்குக் குளத்து ஆட்கள் வந்தார்கள். இப்போது மண் போட்டு நிரப்ப லாரி போகிறதே, அந்தக் குளம். அவர்களும் சக்கையோடுதான் வந்தார்கள். முன்னால் நின்றவர் வாழைக்குலை வியாபாரம் செய்கிறவர், மருமகளை டீச்சர் என்று கூப்பிட்டாலும் அவளைவிட மூத்தவர்.

“டீச்சர், தாமரைக் குளத்துக்கு எழுதினியளே, அத மாதிரி எங்க குளத்துக்கும் ஒண்ணு எழுதிப் புக்குல போடுங்க. அதக் காட்டினாத்தான் ஆபீசர் காது குடுப்பாரு.”

“அண்ணே, அது இப்ப நம்ம ஊருப் புக்கு இல்ல.”

“மேல உங்க பேருதானே இருக்கு?”

“எனக்க பேரு இருக்கு. ஊரு இல்ல.”

அவருக்கு அது விளங்கவில்லை. எனக்கும் அன்றைக்கு விளங்கவில்லை. அவள் பேராக இருந்தால் அவள் போட வேண்டியதுதானே? ஆனால் இப்போது அவள் மட்டும் தீர்மானிக்க முடியாதாம். ஒரு ஊரில் இருக்கிற ஒரு குளத்தைப் பற்றி எழுதினால், படிக்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் திருப்பிவிடுவார்களாம். அவள் முயற்சி பண்ணாமல் இல்லை. எழுதி அனுப்பினாள். அவளுடைய புக்கே அவளுடைய கட்டுரையைத் திருப்பிவிட்டது. இப்படி ஒன்றை நீ கேட்டிருக்கிறாயா?

பிறகு அந்தக் கட்டுரையைத் தமிழில் டைப் பண்ணி அவர்கள் கையில் கொடுத்தாள். அவர்கள் மனுவோடு கொண்டுபோனார்கள். ஆபீசர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது எதில் வந்தது?” என்று கேட்டாராம். எதிலும் வரவில்லை. வாழைக்குலைக்காரர் திரும்பி வந்து சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

“பரவால்ல டீச்சர். உங்களுக்கும் ரொம்ப நன்றி.”

நன்றி என்று சொன்னார் பிள்ளே. அவர் போன பிறகு மருமகள் அந்தச் சக்கையை வெட்டவே இல்லை. பழுத்து வாடை வீசினபோது நான்தான் பசுவுக்குப் போட்டேன்.

இன்னும் ஒன்று நடந்தது, அதையும் எழுதிவிடு. அந்த மாணவன், மீன்குழம்புக்காரன், போன மாதம் வந்தான். அவனுடைய புத்தகம் இரண்டாவது தடவை அச்சாகிவிட்டதாம். கடைசிப் பக்கத்தை அவனே விரித்துக் காட்டினான்.

“டீச்சர், இந்தத் தடவை உங்க புக்குப் பேரப் போட்டுட்டேன். எத்தனை எடத்துல பாருங்க!”

“இப்ப மட்டும் எப்படிடே போட்ட?”

“அது இப்ப பெரிய இன்டர்நேஷனல் புக்கு இல்லியா டீச்சர். போடாம இருக்கலாமா?”

அவள், “நல்லா இருக்கு” என்றாள். அவன் பஸ்ஸுக்குப் போகிற வரையில் சிரித்த முகத்தோடுதான் நின்றாள். அப்புறம் உள்ளே வந்து என் பக்கத்தில் இருந்துகொண்டு, நான் உரித்துக்கொண்டிருந்த உள்ளியில் ஒன்றை எடுத்து உரித்தாள்.

“பார்த்தியளா மாமி. நான் இப்ப அந்நியமாயிட்டேன்.”

அவள் செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. சரி என்றும் வாய் வரவில்லை. புக்கு உயிரோடு இருக்கிறது, உலகமெல்லாம் அதை எடுத்துச் சொல்கிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான், யாரிடமும் மறைக்கவில்லை. ஆனால் நாகர்கோவில் பஸ்ஸில் போகும்போது அவள் இப்போது வலதுபக்கம் இருக்கிறாள். முன்பெல்லாம் இடதுபக்க ஜன்னல்தான் அவளுக்கு. மேற்குக் குளம் இடதுபக்கம்.

காகிதப் புக்கு நின்ற பிறகு காலேஜில் அந்த அறை வேறு எதற்கோ வேண்டும் என்றார்கள். பழைய புக்குக் கட்டுகள் எல்லாம் நம் தேங்காய்ப் புரைக்கு, தேங்காய் போடுகிற கொட்டகைக்கு, வந்துவிட்டன. ஓடு ஒழுகுகிறது. போன மழையில் அடிக்கட்டுகள் நனைந்து பூசணம் பூத்துப்போயின. அதனால்தான் இன்றைக்கு வெயிலைப் பார்த்ததும் எல்லாவற்றையும் முற்றத்தில் பாயில் விரித்துப் போட்டேன், காயப்போட்ட தேங்காய்ப் பருப்புக்குப் பக்கத்தில். என் கை வந்த புக்கு தனியாக அந்தத் துவைகல்லில் இருக்கிறது, பார்த்தாயா? தாமரைக் குளம் வந்த புக்கு அதற்குக் கீழே. வாழைக்குலைக்காரர் நேற்று வந்து அதில் ஒன்று கேட்டார். அவர் குளத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும். “இருக்கட்டும் அம்மா, வீட்டுல கெடக்கட்டும்” என்றார். நல்ல பிரதியாகப் பார்த்து, காய்ந்த பிறகு தருகிறேன் என்றேன்.

அந்தக் குளத்தில்தான் நான் கல்யாணமான புதிதில்...

“எம்மா, இது என்னது, தலையில தண்ணி விழுது? ஏட்டி, மழையாக்கும்! மேக்க பாரு, கறுத்துட்டு வருது. பேனாவ வச்சிட்டு ஓடி வா பிள்ளே. தேங்காப் பருப்பு கெடந்தா கெடக்கட்டு, காக்கா தின்னாலும் போகட்டு. புக்க எடு, மொதல்ல புக்க எடு! அந்தப் பாய்க்க மறுதலைய நீ பிடி!”